இரண்டு காரட் பன்னிரண்டு

பதினொரு மணிக்கும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.
அப்பர் பஜாரில் மேகம் இறங்கிவிட்டால்
எதிர்க்கடைப் பலகையே தெரியாது,
நீலம் எங்கே தெரியப்போகிறது.
"வெளிச்சம் வரட்டும், உட்காருங்கள்" என்றேன்.
உட்கார்ந்தார்.
கொளப்பள்ளியிலிருந்து முதல் பஸ்.
கூடலூரில் மாறி ஏறி
நடுவட்டம் வளைவுகளில் இரண்டு முறை வாந்தி.
பெயர் புஷ்பராணி.
வால் மாறியிருந்தால் மஞ்சள் கல்.

மோதிரம் எடுப்பார் என்று பார்த்தால்
தேங்காயெண்ணெய் பாட்டில் எடுத்தார்.
அவர் அதைப் போத்தல் என்றார்.
உறைந்த வெள்ளைக்குள்
பட்டாணி அளவில் ஏதோ ஒரு நிழல்.

"ரத்தினபுரியில அப்பா
ராத்திரி குழி எறங்குனவரு.
கப்பல்ல வரும்போது இதுக்குள்ள போட்டாரு.
கஸ்டம்ஸ்காரன் மூடியத் தொறந்து
மூடியத்தான் பார்த்தானாம்.
அண்ணன் சொல்றான் சோடாபுட்டிக் கண்ணாடின்னு.
சோசியர் சொல்றாரு சனி, வீட்ல வைக்காதேன்னு.
ரெண்டு பேருல ஒருத்தர்தானே சரியா இருக்க முடியும்?"

ஹீட்டர் பக்கத்தில் வைத்தோம்.
எண்ணெய் இளக அரை மணி நேரம்.
அதுவரை இருவரும் அதையே பார்த்திருந்தோம்,
பால் பொங்கக் காத்திருப்பவர்கள் போல.

இளகியதும் தெரிந்தது:
பக்கவாட்டில் கல் வெறும் தண்ணீர்.
அடி நுனியில் மட்டும் ஒரு சொட்டு மை.
மேலிருந்து பார்த்தால்
அந்த ஒரு சொட்டுதான் கல் முழுக்க நீலம்.
வெட்டியவன் கெட்டிக்காரன்.

ஊதிப் பார்த்தேன்.
நல்ல கல்லில் மூச்சு நிற்காது, உடனே விலகும்.
ஆனால் ஊட்டியில், அதுவும் ஆடியில்,
என் கண்ணாடியும் ஜன்னலும் அவர் வளையலும்
எல்லாமே மூச்சு விட்டபடி இருந்தன.
அந்தச் சோதனை தள்ளுபடி.

காற்றில் இரண்டு பன்னிரண்டு.
தண்ணீரில் ஒன்று ஐம்பத்தொன்பது.
கழித்து வகுத்தால் நான்கு.
சோடாபுட்டி இரண்டரையோடு நின்றுவிடும்.
இரட்டைச் சாளரக் குழாயில்
ஒன்றில் ஊதா சாய்ந்த நீலம்,
மற்றதில் பச்சை சாய்ந்த நீலம்.
வைக்கோல் நிறம் காட்டியிருந்தால்
அயோலைட் என்று அனுப்பியிருப்பேன்.

இன்னும் ஒன்று பாக்கி.
துளி அழுக்கில்லாத நீலம் வந்தால் எனக்குப் பயம்.
தீச்சுடரில் சொட்டுச் சொட்டாய் வளர்த்த கல்லும்
எடையில் நான்குதான், கடினத்தில் ஒன்பதுதான்;
உள்ளே கோடுகள் மட்டும் வளையும்,
பழைய இசைத்தட்டுப் போல.
மண்ணில் வளர்ந்தது
நேராய்ப் போய் முழங்கை மடக்கும்.

இதில் மடக்கியிருந்தது.
மூன்று திசையில் பட்டு ஊசிகள்,
ஒன்றும் கரையவில்லை. சூளை பார்க்காத கல்.
ஓரமாய் ஒரு விரிசல்,
எப்போதோ தானாக ஆறிய தழும்பு.
"இதற்கு எங்கள் தொழிலில்
விரல்ரேகை என்று பெயர்" என்றேன்.
"அப்பாவும் கைநாட்டுதான்" என்றார்.

சான்றிதழை நிரப்பினேன்.
கல்: நீலம். வகை: இயற்கை.
சூடேற்றம்: தடயமில்லை.
பிறப்பிடம் என்ற கட்டத்தில் பேனா நின்றது.
கதையை நான் நம்பினேன்.
என் மைக்ராஸ்கோப் அவ்வளவு தூரம் பேசாது.
உறுதிப்படுத்த இயலவில்லை
என்று எழுதி நீட்டினேன்.

வாய்விட்டுச் சிரித்தார்.
"தாலுக்கா ஆபிசுல
எனக்கும் இதையேதான் எழுதிக் குடுத்தாங்க.
அங்க நாலு வருசம் ஆச்சு.
நீங்க ரெண்டு மணி நேரத்துல முடிச்சிட்டீங்க."

விலை கேட்கவில்லை. நான் சொல்ல வாயெடுத்தேன்;
"அண்ணனுக்கு முதல்ல பேப்பரக் காட்டணும்" என்றார்.
கல் மறுபடி எண்ணெய்க்குள் போனது.
ஒன்றரை மணி பஸ்.
ஸ்டாண்டுக்குப் போவதற்குள் திரும்ப உறைந்திருக்கும்.

மூன்று மணிக்கு வெயில் வந்தது,
யாருக்கும் பயனில்லாமல், பளீரென்று.
அடுத்து வந்தவர் பவுன் மோதிரத்தில் பெரிய நீலம்,
உள்ளே காற்றுக் குமிழிகள்.
கண்ணாடி என்று சொல்வதற்குமுன்
ஒருமுறை முகர்ந்து பார்த்தேன்.